கஸ்டர் படையைப் பிரித்தது தவறா? லிட்டில் பிக்ஹார்ன் பற்றி ஒரு கேள்வியும் என் பதில்களும்

கேள்வி, ஜூன் 8
1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் பழங்குடிகளின் முகாமைத் தாக்கப் போன அமெரிக்க ஏழாம் குதிரைப்படைத் தலைவர் கஸ்டர் கையில் இருந்தது சுமார் அறுநூறு பேர். அதையும் நாலாகப் பிரித்தார்: தன்னோடு ஒன்று, மேஜர் ரீனோவிடம் ஒன்று, கேப்டன் பென்டீனிடம் ஒன்று, பொதிகளோடு ஒன்று. எதிரே ஆயிரத்துக்கு மேல் வீரர்கள். தன்னோடு போன இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அமெரிக்கக் குதிரைப்படை வரலாற்றில் இதைவிட மடத்தனமான முடிவு உண்டா? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 8, இரவு
நிறைய இருக்கிறது. பிரித்தது தவறே இல்லை என்பது என் கட்சி.

அந்தக் காலத்துச் சமவெளிப் போர்களில் ராணுவத்துக்கு இருந்த பெரிய கவலை தோற்றுவிடுவோமோ என்பதல்ல, ஆட்கள் தப்பிவிடுவார்களோ என்பதுதான். குடும்பம், குதிரைக்கூட்டம், கூடாரம் எல்லாவற்றோடும் இருக்கும் ஒரு முகாம் ஆபத்தை மோப்பம் பிடித்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பத்துத் திசையில் கலைந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் தேட வேண்டியதுதான். அதனால் பல பக்கமிருந்து ஒரே நேரத்தில் வளைப்பது வழக்கமான முறை. 1868 நவம்பர் 27 அன்று வாஷிடா ஆற்றங்கரையில் ஒரு செயென் முகாமின்மேல் இதே கஸ்டர் இதே ஏழாம் குதிரைப்படையை நாலாகப் பிரித்துத்தான் விடியற்காலையில் பாய்ந்தார். அன்று அவருக்குக் கிடைத்த பெயர் வீரர். அதே முறை, எட்டு ஆண்டு கழித்து முட்டாள். முறையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறோமா, முடிவைப் பார்த்துச் சொல்கிறோமா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க்கில் சண்டையிட்ட வடக்குப் படையின் குதிரைப்படைத் தளபதி ஜான் பியூஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1863 ஜூலை 1 காலை, இரண்டு பிரிகேடு குதிரைப்படையை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே மேடுகளில் நின்று தென்னவர்களின் காலாட்படை டிவிஷனைத் தடுத்தார். அவருடைய ஆட்களிடம் ஸ்பென்சர் தொடர்துப்பாக்கி இருந்தது உதவியது என்றாலும், துணைக்கு வந்துகொண்டிருந்த ரெனால்ட்ஸின் காலாட்படை இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பியூஃபோர்டையும் இன்று பொறுப்பில்லாதவர் என்றுதான் எழுதியிருப்போம்.

ஜூன் 9, காலை
ஒரு திருத்தம். பியூஃபோர்டின் ஆட்களிடம் ஸ்பென்சர் இல்லை. பல இடங்களில் படித்துப் படித்து மனதில் தங்கிவிட்ட கதை அது. அவர்களிடம் இருந்தவை ஷார்ப்ஸ் போன்ற, பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைச்சூட்டு கார்பைன்கள், அதாவது குட்டைத் துப்பாக்கிகள். முன்வாயில் மருந்து இடித்துச் சுடும் காலாட்படைத் துப்பாக்கியைவிட வேகம், அவ்வளவுதான். அதிலும் குதிரையை விட்டு இறங்கிச் சண்டையிட்டால் நாலு பேரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். ஆகவே துப்பாக்கி வரிசையில் நின்றவர்கள் எண்ணிக்கையில் முக்கால்வாசிதான்.

இந்தத் திருத்தத்தால் பியூஃபோர்ட் இன்னும் உயர்கிறார். கருவி கைகொடுத்தது என்று சொல்ல வழியில்லை. முந்தின நாளே ஊருக்கு வந்து, நிலத்தைப் பார்த்து, எந்த மேட்டிலிருந்து எந்த மேட்டுக்குப் பின்வாங்குவது என்று யோசித்து, ரெனால்ட்ஸுக்கும் தலைமையகத்துக்கும் ஆள் மேல் ஆள் அனுப்பியவர் அவர். குதிரைப்படையின் முதல் வேலை கண்ணாக இருப்பது. அதை அவர் செய்து முடித்த பிறகே சண்டை தொடங்கியது.

ஜூன் 9, மாலை
கைப்பிடியைச் சுற்றத் தொடர்ந்து சுடும் கேட்லிங் துப்பாக்கியைக் கஸ்டர் வேண்டாம் என்றாரே, அது தவறில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது சக்கரவண்டியில் ஏற்றி, படைக்கு உதவாது என்று தள்ளிய குதிரைகள் இழுத்துப்போகும் கனமான சாமான். ரோஸ்பட் ஆற்றுக்கும் லிட்டில் பிக்ஹார்னுக்கும் நடுவில் உள்ள மேடுபள்ளத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை இழுத்துக்கொண்டு போயிருந்தால் ஜூன் 25-இல் அங்கே போய்ச் சேர்ந்தே இருக்க முடியாது.

ஆனால் இரண்டாம் குதிரைப்படையின் நாலு கம்பெனிகளைக் கூடத் தருகிறேன் என்று மேலதிகாரி ஜெனரல் டெர்ரி சொன்னபோது வேண்டாம் என்றது வேறு கதை. அவை சக்கரத்தில் வரவில்லை. அவரைப் போலவே குதிரையில் வருபவர்கள். என் படைப்பிரிவு எதையும் சமாளிக்கும் என்பது அவர் பதில். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

ஜூன் 11
அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

2019 ஜூலையில் மனைவி, மகனோடு மொன்டானா போயிருந்தேன். படத்தில் பார்த்தபோது ஒரு குன்று, கீழே ஓர் ஆறு, அப்பால் ஒரு வெளி என்று எளிமையாகத் தெரியும். நேரில் அப்படி இல்லை. கஸ்டரின் ஆட்கள் விழுந்த மேட்டிலிருந்து ரீனோவும் பென்டீனும் முற்றுகைக்குள் இருந்த மேடு வரை சுமார் ஏழு கிலோமீட்டர். நடுவில் ஒரு மடிப்பு, பிறகு இன்னொரு மடிப்பு, பிறகு ஓர் ஓடை. இடுப்பளவு உயரத்தில் தெரியும் புல்மேடு பக்கத்தில் போனால் ஒரு கம்பெனியே ஒளியும் பள்ளமாகிவிடுகிறது. மகன் என்னைவிட்டு முந்நூறு அடி முன்னால் நடந்தான், இரண்டு நிமிடம் காணவில்லை. கூப்பிட்டேன். காற்றில் அவன் காதில் விழவே இல்லை.

அங்கே வெள்ளைப் பளிங்குக் கற்கள் வீரர்கள் விழுந்த இடங்களில் நிற்கின்றன. பிற்காலத்தில் லக்கோட்டா, செயென் வீரர்கள் விழுந்த இடங்களிலும் சிவப்புக் கல் நட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கற்கள் ஓரிடத்தில் கொத்தாக, இன்னோரிடத்தில் இரண்டு இரண்டாக, பள்ளத்தை நோக்கி ஓடிய மாதிரி. ஐந்து கம்பெனி ஒரே இடத்தில் நின்று போரிட்ட தோற்றம் அதில் இல்லை. 1983-இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்த பிறகு ஆய்வாளர்கள் தோட்டாக் கூடுகளைத் தேடிப் பொறுக்கி, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைபடம் போட்டார்கள். அதுவும் இதையே காட்டியது. எதிர்ப்பக்கம் ஹென்றி, வின்செஸ்டர் தொடர்துப்பாக்கிகள் ஏராளமாக இருந்ததும் அப்போது உறுதியானது.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த நிலத்தில் பிரிந்த படை பிரிந்த படைதான். மறுபடி சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எட்டாம் தேதி "பிரித்தது தவறே இல்லை" என்று எழுதினேன். "பிரிப்பது வழக்கம்" என்பதை வைத்துக்கொள்கிறேன். "தவறே இல்லை" என்பதை நிறுத்திவைக்கிறேன்.

ஜூன் 12
உள்நாட்டுப் போரில் தென்படையின் குதிரைப்படைத் தலைவர் ஜெப் ஸ்டூவர்ட்டை இழுத்துவிட்டீர்கள். நல்லது. கஸ்டரைப் புரிந்துகொள்ள ஸ்டூவர்ட் தேவை.

தென்படைத் தளபதி லீ ஸ்டூவர்ட்டுக்கு எழுதிய 1863 ஜூன் 23 தேதியிட்ட கடிதம், எதிரிப் படையைத் தடங்கல் இல்லாமல் சுற்றிப்போக முடியுமா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்கிறது. ஸ்டூவர்ட்டுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பிடித்துக்கொள்வது "தடங்கல் இல்லாமல்" என்பதை. ஜூன் 25 அன்று ஹேமார்க்கெட் அருகே வடக்கின் ஹான்காக்குடைய காலாட்படை சாலையை அடைத்துக்கொண்டு போனது. அதைவிடப் பெரிய தடங்கல் எது? திரும்பி மலைக்கு மேற்கே வந்திருக்க வேண்டிய நேரம் அது. திரும்பவில்லை. இன்னும் பெரிய வட்டமாகச் சுற்றினார். 28-ஆம் தேதி ராக்வில்லில் 125 சரக்கு வண்டிகளைப் பிடித்தார், அவற்றை விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போனார். 30-ஆம் தேதி ஹானோவரில் சண்டை, ஜூலை 1 இரவு கார்லைலில், ஜூலை 2 பிற்பகல்தான் கெட்டிஸ்பர்க்கில் லீயிடம். அதற்குள் போரின் முதல் நாள் முடிந்து இரண்டாம் நாள் பாதி போய்விட்டது. வடக்குப் படை போட்டோமாக் ஆற்றைத் தாண்டிவிட்டது என்ற செய்தியே ஹாரிசன் என்ற ஒற்றன் மூலம்தான் லீக்குத் தெரிய வந்தது.

ஏன் திரும்பவில்லை? ஒரு வருடம் முன்பு, 1862 ஜூனில், சுமார் ஆயிரத்து இருநூறு பேரோடு வடக்குத் தளபதி மெக்கிளெல்லனின் முழுப்படையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இழந்தது ஒரே ஒரு ஆள். நாடே கொண்டாடியது. பிறகு 1863 ஜூன் 9 அன்று பிராண்டி ஸ்டேஷனில் எதிரி அவரைத் தூக்கத்தில் பிடித்த மாதிரி பிடித்தான், பத்திரிகைகள் திட்டின. பழைய புகழ் ஒரு பக்கம், புதுக் காயம் ஒரு பக்கம். இப்படிப்பட்டவர் கையில் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற கடிதம்.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து
லீயை விட்டுவிட்டேன். ராபர்ட்சன், ஜோன்ஸ் இருவரின் குதிரைப்படைப் பிரிகேடுகளையும் ஸ்டூவர்ட் லீயிடம் விட்டுவிட்டுத்தான் போனார். லீ கையில் குதிரைப்படையே இல்லை என்பது சரியல்ல. அவற்றை நன்றாகப் பயன்படுத்தவில்லை என்பதே சரி. கண் போய்விட்டது என்று புலம்புகிறவர், மீதி இருந்த கண்ணைத் திறக்கவில்லை.

அதே ஆண்டு மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் வடக்குத் தளபதி ஹூக்கர் செய்ததும் இதுவேதான். பெரும்பகுதிக் குதிரைப்படையை ஸ்டோன்மனோடு எதிரியின் பின்புறம் சூறையாட அனுப்பிவிட்டார். வலது பக்கம் காவல் இல்லாமல் கிடந்தது, தென்படையின் ஜாக்சன் சுற்றிவந்து அடித்தார். ஸ்டூவர்ட்டைத் திட்டுபவர்கள் இதைத் தளபதிகளின் ஒரு பொது வியாதியாகப் பார்ப்பதில்லை.

ஜூன் 15
வேலைப்பளுவில் மூன்று நாள் எழுதவில்லை. அந்த மூன்று நாளும் வாஷிடாவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் தேதி அதை நான் கஸ்டருக்குச் சாதகமாக எடுத்துப்போட்டேன். இப்போது அது எதிர்ச்சாட்சியாகத் தெரிகிறது.

வாஷிடாவிலும் அவர் வேவு பார்க்கவில்லை. செயென் தலைவர் பிளாக் கெட்டிலின் முகாமைத் தாக்கினார், அதே ஆற்றோரம் கீழே வேறு பெரிய முகாம்கள் இருந்தது அவருக்குத் தாக்கிய பிறகே தெரிந்தது. அங்கிருந்து வீரர்கள் வரத் தொடங்கினார்கள். கஸ்டரின் படையைச் சேர்ந்த மேஜர் எலியட் ஒரு சிறு குழுவோடு தனியே போய்த் திரும்பவில்லை. கஸ்டர் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்காமலேயே இருட்டில் வெளியேறினார். எல்லோரும் இறந்துகிடந்தது பின்னால் தெரிந்தது. அவர் தப்பிக்க ஒரு காரணம், சிறைபிடித்த ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அவர் கையில் இருந்தது. அவர்கள் நடுவே சுட மற்ற முகாம்காரர்களுக்குக் கை வரவில்லை.

அன்று நடந்தது ஒரு தவறு. பலன் நன்றாக இருந்ததால் யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. அவரும் அதையே பாடமாக எடுத்துக்கொண்டார். ஸ்டூவர்ட்டுக்கு மெக்கிளெல்லன் சுற்று என்ன செய்ததோ அதையே கஸ்டருக்கு வாஷிடா செய்தது. இருவரும் தோற்ற நாளில் புதிதாக எதுவும் செய்யவில்லை. முன்பு ஜெயித்ததையே திரும்பச் செய்தார்கள்.

லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் வடக்கே வடக்கே போனது கீழ்த்துறையில் ஆற்றைத் தாண்டி, ஓடும் பெண்களையும் குழந்தைகளையும் பிடிக்கத்தான் என்று ஒரு சாரார் படிக்கிறார்கள். செயென்காரர்களின் வாய்மொழி நினைவும் அந்தத் துறைப் பக்கம் சிப்பாய்கள் வந்ததைச் சொல்கிறது. எனக்கு அது பொருந்துகிறது. இதைச் சொன்ன பிறகு "ராணுவ முடிவு" என்று மட்டும் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. 1868 ஒப்பந்தத்தில் லக்கோட்டாக்களுக்கு என்று எழுதிக்கொடுத்த கருங்குன்றுகளில் தங்கம் இருப்பதை 1874-இல் போய்ப் பார்த்துவந்த படைக்குத் தலைவரே கஸ்டர்தான். 1876 ஜனவரி 31-க்குள் லக்கோட்டாக்கள் எல்லோரும் ஏஜென்சிக்கு, அதாவது அரசு ஒதுக்கிய நிலத்தில் இருந்த அரசு அலுவலகத்துக்கு, வந்து சேர வேண்டும் என்று நடுக்குளிரில் கெடு வைத்தார்கள். பனியில் குடும்பத்தோடு யார் நடப்பார்? அந்தக் கெடுவிலிருந்துதான் இந்தப் போர்.

ஜூன் 16
"அவருக்கு அன்று தெரிந்ததை வைத்துத்தானே தீர்ப்பு சொல்ல வேண்டும்?" ஆமாம். நானும் அந்தக் கொள்கைக்காரன்தான். அப்படியே பார்ப்போம்.

அவருக்குத் தெரியாதது: ஜூன் 17 அன்று, எட்டே நாள் முன்பு, ரோஸ்பட் ஆற்றின் மேல்பகுதியில் ஜெனரல் குரூக்கின் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு இதே வீரர்கள் மோதி, அவரைத் திரும்பிப் போக வைத்தது. அந்தச் செய்தி டெர்ரிக்கும் வரவில்லை, கஸ்டருக்கும் வரவில்லை. தெரிந்திருந்தால், இவர்கள் ஓடுவார்கள் என்ற எண்ணம் அங்கேயே உடைந்திருக்கும். இதில் அவர்மேல் குற்றமில்லை.

அவர் தவறாக நம்பியது: தான் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டோம் என்று. 25-ஆம் தேதி முழுக்க ஒளிந்திருந்து 26 விடியலில் தாக்குவதுதான் முதல் திட்டம். வழியில் பொதியிலிருந்து விழுந்த ரொட்டிப் பெட்டி ஒன்றைத் தேடிப் போன சிப்பாய்கள், அதை எதிராளிகள் சிலர் திறந்துகொண்டிருந்ததைப் பார்த்து வந்து சொன்னார்கள். முகாமுக்குச் செய்தி போய்விடும் என்று அவசரப்பட்டார். உண்மையில் போகவில்லை. ரீனோவின் தாக்குதல் தொடங்கும்போது வுடன் லெக் என்ற செயென் இளைஞர் ஆற்றில் குளித்துவிட்டு மரநிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இடத்தில் நானாக இருந்தாலும் போயிருக்கும் என்றுதான் நினைத்திருப்பேன். இதையும் மன்னிக்கிறேன்.

அவரிடம் சொன்னதும் அவர் கேட்காததும்: குரோ நெஸ்ட் என்ற மலைமுகட்டில் விடியற்காலையில் கஸ்டரோடு இருந்த குரோ, அரிக்கரா பழங்குடிச் சாரணர்கள் பார்த்தார்கள். இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய குதிரைக்கூட்டம். கஸ்டர் பின்னால் ஏறிப் பார்த்தபோது வெயில் மூட்டத்தில் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நாட்டிலேயே வளர்ந்த வழிகாட்டி மிச் பூயே, இவ்வளவு பெரிய முகாமைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று எச்சரித்தார். பூயே அன்று கஸ்டரோடு போய் இறந்தார். பிளடி நைஃப் என்ற அரிக்கரா சாரணர் கஸ்டருக்கு மிகவும் பிடித்தவர். அவரும் எச்சரித்தார், அவரும் அன்றே ரீனோவின் பக்கத்தில் தலையில் குண்டு பாய்ந்து விழுந்தார்.

இங்கேதான் என் கொள்கை தடுமாறுகிறது. "தெரிந்ததை வைத்து" என்றால், அவருக்கு நம்பிக்கையான வாயால் சொல்லப்பட்டதும் தெரிந்ததில் சேரும். தன் கண்ணுக்குத் தெரியாததால் அது இல்லை என்று வைத்துக்கொண்டார். அதோடு அளவு தெரியாத முகாமை நோக்கிப் பிரிந்து போனார். பிரித்தது தவறு என்று இப்போது சொல்கிறேன், கேள்வி கேட்டவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. எதிரி எத்தனை பேர் என்பதைப் பார்க்கும் முன் பிரித்ததற்காக.

ஜூன் 19
ரீனோ பற்றிக் கேட்டவருக்கு. முழுப்படையும் பின்னால் துணைக்கு வரும் என்று சொல்லி அனுப்பினார்கள், வரவில்லை. மரத்தோப்பிலிருந்து அவர் வெளியேறிய விதம் மோசம், பின்பக்கக் காவல் வைக்கவில்லை, ஆற்றில் ஆட்கள் செத்தார்கள். ஆனால் அங்கேயே இருந்திருந்தால் மீதிப்பேரும் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 1879-இல் சிகாகோவில் விசாரணை மன்றம் அவர்மேல் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்றது. அவரிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் சண்டை பென்டீனோடு.

ஜூன் 21
பென்டீனுக்கு வந்த சீட்டு இன்னும் வெஸ்ட் பாயின்ட்டில் இருக்கிறது. கஸ்டரின் உதவியாளர் குக் பென்சிலால் கிறுக்கியது. வா, பெரிய கிராமம், சீக்கிரம், பொதிகளைக் கொண்டுவா. கடைசியில் இன்னொரு முறை, பொதிகளைக் கொண்டுவா.

பொதி சுமப்பவை கோவேறு கழுதைகள், பல மைல் பின்னால் வந்துகொண்டிருந்தன. சீக்கிரம் வந்தால் பொதி வராது. பொதியோடு வந்தால் சீக்கிரம் வர முடியாது. நான் முன்பு ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் வாசலில் லாரி அவசரமாக நிற்கிறது, உள்ளே இருந்த பையனுக்கு நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இதே: உடனே வா, மீதிப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வா. அவன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். லாரி போய்விட்டது. அவனைக் கத்தினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகுதான் என் செய்தியை நானே படித்துப் பார்த்தேன். அடுத்த நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதனால் அந்தச் சீட்டை வைத்துப் பென்டீனைக் குற்றம் சொல்ல என்னால் ஆகாது.

வழியில் சிதறி வந்த ரீனோவின் ஆட்களைப் பார்த்தார், ரீனோ மேலதிகாரி, நிற்கச் சொன்னார், நின்றார். அதுவும் சரி. முற்றுகையில் இரண்டு நாள் அந்த மேட்டைக் காப்பாற்றியதும் பெரும்பாலும் பென்டீன்தான். ஆனால் வடக்கே சரமாரியாகச் சுடும் சத்தம் கேட்டதாக காட்ஃப்ரே, வார்னம் போன்ற அதிகாரிகள் விசாரணையில் சொன்னார்கள். பென்டீன் அப்படி எதுவும் கேட்கவில்லை என்றார். கேப்டன் வேயர் அனுமதிக்குக் காத்திராமல் தானாகவே வடக்கே கிளம்பினார். பிறகே மற்றவர்கள் போனார்கள், அதற்குள் தாமதமாகிவிட்டது. வாஷிடாவில் எலியட்டைக் கைவிட்டதற்காகக் கஸ்டரைக் கடைசிவரை வெறுத்தவர் பென்டீன். கேட்காமல் போனது காதா, மனமா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஜூன் 25
இன்று அதே தேதி. பென்டீன் பற்றி நாலு நாளாக யோசித்து ஒன்றுதான் கூட்டுகிறேன்.

சீட்டைக் கொண்டுவந்தவர் ஜான் மார்ட்டின். இத்தாலியில் பிறந்த எக்காளக்காரர், இயற்பெயர் ஜொவானி மார்ட்டினி. ஆங்கிலம் சரியாக வராது என்பதால்தான் வாயால் சொல்லாமல் எழுதிக்கொடுத்தார்கள். பென்டீன் அவரிடம் நிலைமை என்ன என்று கேட்டார். எதிரிகள் ஓடுகிறார்கள் என்று மார்ட்டின் சொன்னார். ஓடுகிறவர்களைத் துரத்த அவசரப்பட வேண்டியதில்லை என்று பென்டீன் நினைத்திருந்தால் நியாயம்தான் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

ஆனால் மார்ட்டின் வந்த குதிரையின் பின்புறத்தில் குண்டுக்காயம். வந்த வேகத்தில் மார்ட்டினுக்கே அது தெரியவில்லை. உன் குதிரைமேல் ரத்தம் வழிகிறது பார் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் பென்டீன்.